இணையத்துக்கு முன்: கணினி வழிக் குடும்பக் கருத்தாய்வுக் குழுவை அமைப்பது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

ஆயிரம் வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு மோடம். வெள்ளி இரவு மையத்திலிருந்து கேள்வித்தாள் தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக்குப் போகிறது, சனி ஞாயிறில் குடும்பத்தார் உட்கார்ந்து பதில் தட்டுகிறார்கள், பதில்கள் அதே கம்பியில் திரும்பி வருகின்றன. நெதர்லாந்தில் 1986-இல் ஆய்வாளர் வில்லெம் சாரிஸ் குழுவினர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய டெலிபேனல் இந்த வகைதான். டில்பர்க் பல்கலைக்கழகத்தில் 1991-இல் வந்த சென்டர்பேனலும் இதே வழியில் சுமார் 2000 குடும்பங்களோடு நடந்தது.

அந்தக் காலத்தில் அந்த நாட்டில் இப்படி ஒரு குழுவுக்காக வீடு வீடாகக் கணினிப் பெட்டி தூக்கிப் போய் வைத்தவன் நான். பிறகு புதிதாக வந்தவர்களுக்கு வேலை பழக்கினேன். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: பேட்டியாளரை எடுத்துவிட்டால் அவர் செய்துகொண்டிருந்த வேலையும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கேள்வி புரியாதபோது விளக்கியது, தப்பான எண்ணைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கியது, “இது உங்க பதிலா, உங்க வீட்டுக்காரர் பதிலா?” என்று விசாரித்தது எல்லாவற்றையும் இனி யாராவது, அல்லது எதுவாவது, செய்தாக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வேலைகளுக்கு இடம் பிடிப்பதுதான்.

## 0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முகவரிப் பட்டியல், ஒரே மாதிரிக் கணினிகள் (தேவையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக), தொலைபேசித் துறையின் அனுமதி பெற்ற மோடம்கள், மையத்தில் குறைந்தது எட்டுத் தொலைபேசி இணைப்புகள், கேள்வித்தாள் மென்பொருள், வார இறுதியில் தொலைபேசி எடுக்க இரண்டு பேர், கார் ஓட்டத் தெரிந்த நாலு பேர்.

கணினியை முதலில் வாங்கிவிடாதீர்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்று ஆசைப்பட்டு வாங்கி, ஆள் சேர்ப்பு முடிய எட்டு மாதம் ஆகி, அதற்குள் கடையில் விலை இன்னும் இறங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இருபது வீட்டுக்கு மட்டும் வாங்கி வெள்ளோட்டம் பாருங்கள். மீதி பிறகு.

## 1. வீடுகளைத் தேர்ந்தெடுங்கள், வருகிறவர்களைச் சேர்க்காதீர்கள்

நெதர்லாந்தில் 1971-க்குப் பிறகு வீடு வீடாகப் போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1981-இல் நடக்க வேண்டியது மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆகவே அப்போது அஞ்சல் துறையின் விநியோக முகவரிப் பட்டியல்தான் கைக்கு எட்டிய அடிப்படை. அதிலிருந்து குலுக்கல் முறையில் முகவரிகளை எடுங்கள்.

விளம்பரம் கொடுத்து ஆள் சேர்க்கவே கூடாது. வீட்டில் ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்களை மட்டும் சேர்ப்பதும் அதே தப்புதான். அப்போது கணினி வைத்திருந்த வீடு என்றால் படித்த, சம்பாதிக்கிற, ஆண் பிள்ளை இருக்கிற வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எழுபது வயதுப் பாட்டியின் வீட்டுக்கும் பெட்டி போக வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு செலவும்.

ஒரு வீட்டில் பெட்டி இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து “எங்களுக்கும் ஒண்ணு வைங்களேன்” என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். மறுத்துவிடுங்கள்.

## 2. சேர்ப்பை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்

முதல் கட்டம், பத்து நிமிட நேர்ப்பேட்டி. வீட்டில் எத்தனை பேர், வயது, வேலை, சொந்த வீடா வாடகையா. கணினி பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். இரண்டாம் கட்டத்தில்தான் “வாரம் ஒரு முறை, அரை மணிக்கு மேல் போகாது, கருவி எங்களுடையது, தொலைபேசிக் கட்டணம் நாங்கள் தருகிறோம்” என்று அழைப்பு.

ஏன் இரண்டாக உடைக்க வேண்டும்? வர மறுத்தவர்கள் யார் என்று தெரிய வேண்டும். முதல் கட்டத்துக்குப் பதில் சொல்லி இரண்டாவதில் மறுத்தவர்களின் வயதும் வீடும் வேலையும் உங்களிடம் இருக்கும். குழு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பின்னால் அளக்க அது ஒன்றுதான் வழி. இதைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

மறுப்புக்கான காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். “விருப்பமில்லை” என்று பேட்டியாளர் சுருக்கி எழுதுவார். அந்தம்மா உண்மையில் சொன்னது “வைக்க இடமில்லை” என்பதாக இருக்கும். இடம் தேடிக் கொடுத்தால் அவர் சேர்ந்துவிடுவார்.

1989 ஜூலை முதல் அங்கே தனிநபர் பதிவுகள் குறித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பேகூடப் பெயர்-முகவரி ஒரு கோப்பிலும் பதில்கள் வேறொரு கோப்பிலும் இருப்பதே நல்லது. இரண்டையும் இணைக்கும் எண் பட்டியல் ஒருவர் பொறுப்பில், பூட்டிய அலமாரியில். வாசலில் நிற்கிற பேட்டியாளருக்கு இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். கணக்கெடுப்பையே விரட்டியடித்த ஊர் அது.

## 3. குடும்பப் பதிவேடும் நபர் எண்ணும்

வீட்டுக்கு ஓர் எண், அதனுள் ஆளுக்கு ஓர் எண். ஒருமுறை கொடுத்த நபர் எண்ணை வேறொருவருக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. மூத்த மகள் வீட்டைவிட்டுப் போய், அந்த இடத்தில் பிறந்த குழந்தைக்கு “3” என்ற எண்ணைக் கொடுத்தால் அடுத்த வருடக் கோப்பில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒரு வயதுக் குழந்தையாகிவிடுவாள். சிரிக்க வேண்டாம், நடந்ததுதான்.

குடும்பம் பிரிந்தால் யாரைத் தொடர்வது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். விவாகரத்து நடக்கும், கணினி யாருக்கு என்று உங்களிடமே கேட்பார்கள். எங்கள் விதி: இருவரையும் தொடர்வோம், பெட்டி இருக்கிற இடத்தில் இருக்கும், கிளம்பிப் போனவருக்குப் புதியது. செலவு கூடும். ஆனால் பிரிந்தவர்களை விட்டுவிட்டால் உங்கள் குழு பிரியாத குடும்பங்களின் குழுவாகச் சுருங்கிப்போகும்.

## 4. பெட்டியைத் தயார் செய்தல்

எல்லா வீட்டுக்கும் ஒரே மாடல். தொலைபேசியில் உதவி கேட்கிறவரிடம் “வலது பக்கம் பின்னால் சிவப்பு ஸ்விட்ச்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிய வேண்டும். இரண்டு மாடல் இருந்தால் முதல் ஐந்து நிமிடம் எது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

ஸ்விட்சைப் போட்டதும் நேராகக் கேள்வித்தாள் திரை வர வேண்டும். அக்கால இயங்குதளமான எம்எஸ்-டாஸில், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் அதை எழுதிவிடலாம். கறுப்புத் திரையில் வெறும் “ஏ” எழுத்தும் கண் சிமிட்டும் கோடும் நின்றால் பாதிப் பேர் அணைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

தேதி விஷயத்தில் கவனம். பேட்டரிக் கடிகாரம் இல்லாத கணினியில், அந்தத் தொடக்கக் கோப்பில் தேதிக் கட்டளையைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் தேதி கேட்கும். யாரும் போட மாட்டார்கள், எண்டர் தட்டுவார்கள். டாஸ் அதை 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் வெள்ளோட்டத்தில் இருபது வீட்டில் பதினோரு வீட்டின் பதில்கள் 1980 புத்தாண்டு அன்று தரப்பட்டவை! மையத்துடன் இணையும்போது மையக் கணினியின் தேதியையும் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்படி நிரலை எழுதுங்கள்.

குடும்பம் தன் சொந்த வேலைக்கும் விளையாட்டுக்கும் கணினியைப் பயன்படுத்தட்டும். அதுதான் அவர்களுக்குக் கிடைக்கிற நல்ல பலன், பணத்தைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆய்வு நிரல் தனி ஃபிளாப்பியில் (கழற்றி மாட்டும் காந்த வட்டு), மேலே எதுவும் பதிவாகாதபடி எழுத்துத் தடுப்பு ஒட்டி. பதில்கள் வேறொரு ஃபிளாப்பியில். பையன் விளையாட்டுக்காக ஃபார்மட் செய்து அழித்தால் ஒன்றுதான் போகும்.

## 5. வீட்டில் நிறுவும் நாள்

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரக் கோலம் அள்ளித் தெளித்தால் அடுத்த ஆறு மாதம் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

அங்கே தொலைபேசி பெரும்பாலும் வாசல் நடையில், மாடிப்படியின் கீழே இருக்கும். கணினி வைக்க இடம் இருப்பதோ சாப்பாட்டு மேசையிலோ மகன் அறையிலோ. நடுவில் பத்து மீட்டர். ஆகவே பதினைந்து மீட்டர் நீட்டிப்புக் கம்பியும், நாலு முனை கொண்ட அந்த ஊர் ப்ளக்குக்குப் பொருந்தும் அடாப்டரும் பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். கம்பியைக் கதவிடுக்கில் விடாதீர்கள். ஹார்லெம் நகரின் பக்கம் ஒரு வீட்டில் வாராவாரம் சனிக்கிழமை மட்டும் இணைப்பு அறுந்தது. மூன்றாம் முறை போனபோதுதான் தெரிந்தது: சனிக்கிழமை விருந்தாளி வருவார்கள், நடைக் கதவைச் சாத்துவார்கள், கதவு கம்பியை நசுக்கும்.

பிறகு வரிசையாக இதைச் செய்யுங்கள்:

மோடம் சரியாக டயல் செய்கிறதா பாருங்கள். பழைய எக்ஸ்சேஞ்சில் டோன் முறை (ஒலியால் டயல் செய்வது) வேலை செய்யாது, பல்ஸ் முறைக்கு (மின் துடிப்பால் டயல் செய்வது) மாற்ற வேண்டும். சில ஊர்களில் ஊர்க் குறியீட்டைப் போட்ட பிறகு இரண்டாவது டயல் டோனுக்குக் காத்திருக்க வேண்டும்; டயல் வரிசையில் அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டு நிறுத்தம் கொடுங்கள்.

அடுத்து, வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பத்துக் கேள்விப் பயிற்சித்தாளை அவர்கள் கையாலேயே முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, மெதுவாகத் தட்டுகிறவரிடமிருந்து விசைப்பலகையைப் பிடுங்கித் தானே செய்து காட்டுவது. அவர் “ஆமாம், ஆமாம், புரிஞ்சுது” என்று தலையாட்டுவார். வார இறுதியில் திரை வெறுமையாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஒரு தச்சர் நினைவுக்கு வருகிறார். வயதைக் கேட்டதும் நிதானமாக 7 தட்டினார், பிறகு பூஜ்யத்துக்கு ஆங்கில ஓ எழுத்தைத் தட்டினார். நிரல் “எண் மட்டும்” என்றது. மறுபடி அதே ஓ. “எண்தானே போடறேன், இது என்ன என்னோட சண்டை போடுது?” என்று என்னைப் பார்த்தார். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய கை அது. ஒன்றுக்குச் சிறிய எல், பூஜ்யத்துக்கு ஓ. அன்றிரவே நிரலில், எண் கேட்கும் இடத்தில் இந்த இரண்டு எழுத்தும் வந்தால் தானாக எண்ணாக மாற்றிக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தோம். உதவி கேட்டு வருகிற அழைப்பு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

## 6. கேள்வித்தாளை எழுதுதல்

திரை 80 எழுத்து அகலம், 25 வரி. கேள்வி, விடைகள், கீழே விசைக் குறிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காத கேள்வியை இரண்டாக உடையுங்கள். திரையைத் தாண்டி ஓடும் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத விடையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

அடுத்து, சரிபார்ப்பு. இது இரண்டு வகை. நடக்கவே முடியாததை மறுப்பது ஒன்று: வயது 210. நடக்கக்கூடும், ஆனால் சந்தேகம் என்பதைத் திருப்பிக் கேட்பது இன்னொன்று: “மாத வாடகை 6500 கில்டர் என்று போட்டிருக்கிறீர்கள். சரிதானா?” (கில்டர் அந்நாட்டின் அப்போதைய நாணயம்.) புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் முதல் வகையில் போடுவார்கள். பக்கத்தில் பேட்டியாளர் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். உண்மையான பதிலை நிரல் ஏற்க மறுத்தால் மனிதர் என்ன செய்வார்? ஏற்கிற ஒரு பொய்யைப் போட்டு நகர்ந்துவிடுவார். கட்டாய மறுப்பை மிகக் குறைவாக வையுங்கள்.

போன தடவை சொன்ன பதிலோடு ஒப்பிட்டுக் கேட்பது இந்த முறையின் பெரிய வசதி. அதிலும் ஒரு பள்ளம் உண்டு. வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் மாறினால் “சரியா?” என்று கேட்கும்படி வைத்திருந்தோம். மே மாதம் வந்தது. அங்கே விடுமுறைப் படி என்று வருட ஊதியத்தில் 8 சதவீதம் பெரும்பாலும் மே மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வரும். வேலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் ஒரே வார இறுதியில் எச்சரிக்கை எழும்பியது, தொலைபேசி ஓயவில்லை. கேள்வியை “விடுமுறைப் படி நீங்கலாக” என்று மாற்றினோம், படியைத் தனியாகக் கேட்டோம். மாதச் சம்பளமா, நாலு வாரச் சம்பளமா என்பதையும் தொகைக்கு முன்பே கேளுங்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை வாங்குபவருக்கு வருடத்தில் பதின்மூன்று சம்பளம்.

செலவு, நேரம் போன்ற தொடர் எண்கள் எட்டுப் பத்து வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே திரையில் கூட்டுத்தொகையோடு காட்டித் திருத்த விடுங்கள். சாரிஸ் வலியுறுத்திய சுருக்கத் திரை இதுதான். தனித்தனியாகப் பார்த்தபோது சரியாகத் தெரிந்த எண்கள் மொத்தமாகச் சம்பளத்தைத் தாண்டி நிற்கும்போது அவர்களே பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

வாராவாரம் பதில் சொல்கிறவர்கள் கெட்டிக்காரர்களாகிவிடுவார்கள். “ஆம்” என்றால் இன்னும் ஆறு கேள்வி வரும் என்று மூன்றாம் வாரமே கற்றுக்கொள்வார்கள். ஆகவே ஆம்-இல்லைக் கேள்விகளை முதலில் மொத்தமாக முடித்துவிட்டு, பிறகு விவரத்துக்குள் போங்கள். பின்னால் திரும்பிப் போகும் விசை கட்டாயம் வேண்டும். ஆனால் திரும்பிப் போய் “ஆம்”-ஐ “இல்லை” ஆக்கினால் கீழே ஏற்கெனவே பதிவான ஆறு பதிலை நிரல் அழிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

திறக்கும்போது பெயரும் பிறந்த ஆண்டும் கேட்டு, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அப்பாவே நாலு பேருக்கும் தட்டிவிடுவதை இது முழுதாகத் தடுக்காது. நாலு பேரின் தாள்களும் இடைவெளியே இல்லாமல், ஒவ்வொன்றும் நாலே நிமிடத்தில் முடிந்திருந்தால் திங்கட்கிழமை ஒரு தொலைபேசி போட்டு நயமாகக் கேளுங்கள்.

## 7. கம்பி வழி அனுப்புதலும் பெறுதலும்

முதலில் கணக்கு. நொடிக்கு 1200 பிட் அனுப்பும் மோடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்து. 40 கிலோபைட் கேள்வித்தாள் இறங்க ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 2400 பிட்டில் அதில் பாதி. பதில்கள் சில நொடிகளில் ஏறிவிடும். ஆயிரம் வீடு, வீட்டுக்கு மூன்று நிமிடம், எட்டு இணைப்பு என்றால் 375 நிமிடம். ஆறே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தாளில் தெரியும்.

தாளில்தான். பாதி வீடுகள் வெள்ளி இரவு எட்டிலிருந்து பத்துக்குள் வரும். 1500 நிமிட வேலை, உங்களிடம் இருப்பதோ 960 நிமிடம். ஆகவே வீட்டுக்கு வீடு அழைக்கும் நேரத்தை மாற்றி அமையுங்கள். இணைப்பு கிடைக்காவிட்டால் நிரல் பல நிமிடம் விட்டு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடைவெளியில், மறுபடி முயல வேண்டும். மையம் வீட்டை அழைக்கிற ஏற்பாடு வேண்டாம். நள்ளிரவில் மணி அடித்தால் அந்தக் குடும்பம் போயிற்று.

வேறு அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு கெடும். எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையைப் போல 128 பைட் துண்டுகளாக அனுப்பி ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் முறையைப் பயன்படுத்துங்கள். கேள்வித்தாள் முழுதாக இறங்கி, கூட்டுச் சோதனை (பைட்டுகளைக் கூட்டி ஒப்பிடும் சோதனை) சரியான பிறகே பழையதை மாற்றுங்கள். பதில்களை, மையம் “கிடைத்தது” என்று சொன்ன பிறகும் இரண்டு வாரம் வீட்டு ஃபிளாப்பியிலேயே வைத்திருங்கள். மையத்தில் ஒருமுறை வட்டு போனபோது எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு விதிதான். எதுவுமே சரிப்படாத வீட்டுக்கு, தபால்தலை ஒட்டத் தேவையில்லாத உறை. ஃபிளாப்பியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

## 8. வெள்ளோட்டம்

இருபது வீடு, நாலு வாரம். அதில் உங்கள் அலுவலகத்தார் யாரும் இருக்கக் கூடாது. முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும், புதுமை இருக்கிறதே. மூன்றாம் வாரத்தைப் பாருங்கள்.

## 9. வார இறுதி உதவியும் நினைவூட்டலும்

சனி, ஞாயிறு இரவு பத்து வரை ஆள் தொலைபேசியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேள்வித்தாள் எழுதியவரே அதை உரக்கப் படிக்கட்டும்.

ஒரு வாரம் பதில் வரவில்லையென்றால் செவ்வாய்க்கிழமை அழையுங்கள். இரண்டாம் வாரம்வரை விட்டால் சங்கடம் வந்துவிடும், பிறகு தொலைபேசியே எடுக்க மாட்டார்கள். “ஏன் செய்யலை?” என்று கேட்காதீர்கள். “மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்னு நினைச்சோம்” என்று தொடங்குங்கள். பாதி நேரம் அது உண்மையாகவே இருக்கும். வேக்யூம் க்ளீனருக்காக ப்ளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், திரும்பச் செருகியிருக்க மாட்டார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் குடும்பம் குடும்பமாகக் கேரவனை இழுத்துக்கொண்டு மூன்று வாரம் கிளம்பிவிடுவார்கள். தொடக்கத் திரையிலேயே “விடுமுறையில் போகிறோம்” என்று ஒரு விசை கொடுங்கள். இல்லாவிட்டால் காலி வீடுகளுக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

## 10. விலகலும் மாற்றுச் சேர்ப்பும்

ஆட்கள் விலகுவார்கள். அதை ஈடுகட்ட, கையில் கிடைத்த வீட்டைச் சேர்க்காதீர்கள். படி 1-இன் அதே குலுக்கல் பட்டியல், படி 2-இன் அதே இரண்டு கட்டம். எந்த வகைக் குடும்பம் அதிகமாகக் குறைந்திருக்கிறது என்று பார்த்து அந்த வகையில் கூடுதலாக எடுங்கள். புதிதாகச் சேர்ந்த வாரத்தைக் கோப்பில் தனி நெடுவரிசையில் குறித்து வைத்தால், பழகியவர்களின் பதிலும் புதியவர்களின் பதிலும் எங்கே வேறுபடுகின்றன என்று பின்னால் ஒப்பிட முடியும்.

விலகுகிற வீட்டுக்குப் பெட்டியை எடுக்கப் போகிறவர், முடிந்தால், நிறுவியவராகவே இருக்கட்டும். காரணத்தைக் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள், படிவத்தை நீட்ட வேண்டாம். அவர்கள் முன்னிலையிலேயே பதில் ஃபிளாப்பியை அழித்துக் காட்டுங்கள். விளையாட்டு ஃபிளாப்பியைப் பையனிடமே விட்டுவிடுங்கள். பதினைந்து மீட்டர் கம்பியை மறக்காமல் சுருட்டி எடுத்து வாருங்கள், அடுத்த வீட்டுக்கு அது வேண்டும்.